நாலு விரல் உயரம்: மங்கையர்க்கரசி அம்மையாருக்கு

முனகலைக் கேட்டே மோட்டாரின் முழு நோயையும் சொல்லிவிடும் மருத்துவரே! எண்ணெய்க் கறையை எந்நாளும் எதிரியாகவும், எங்களை எப்போதாவது பிள்ளைகளாகவும், பெரும்பாலும் சோம்பேறிகளாகவும் கண்ட எங்கள் தலைவியே! மராட்டியத்துக் கட்கியில் பிறந்து, தளேகாவில் தழைத்து, பராமரிப்புப் பிரிவின் பெயரைப் பார்த்துப் பார்த்துக் காத்த பண்பின் செல்வியே! வணக்கம், வணக்கம், இன்னும் நூறு வணக்கம்!

இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கோ, பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆயினும் இந்தப் பணிநிறைவு மடல் தமிழில்தான் இருக்க வேண்டுமென்று முதலில் சொன்னவர்கள் நம் மராத்தி நண்பர்களே! அவர்கள் புரியாமல் கைதட்டுவார்கள். புரிந்தவர்கள் சற்றுப் பிந்தித் தட்டினாலும் பரவாயில்லை.

1972-ஆம் ஆண்டு, கையில் டிப்ளமாவும் தோளில் துணிப்பையுமாக நீங்கள் இந்த வாயிலில் நுழைந்தபோது, "மெஷின் ரிப்பேருக்குப் பொம்பளையா?" என்று சிரித்தவர்கள் பலர். ஓராண்டு போயிற்று. அவர்களே, "மெஷின் மக்கர் பண்ணுது, மேடத்தைக் கூப்பிடுப்பா" என்று அலறினார்கள்! முப்பத்தேழு ஆண்டுகளில் நீங்கள் எழுப்பி உட்கார வைத்த இயந்திரங்களையும், பொறுமையாய்த் திருத்திய எங்கள் பிழைகளையும் வரிசையாகச் சொல்லலாம். சொன்னால் தேநீர் ஆறிவிடும். ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சி. அதையும் உங்கள் முகம் பார்த்து "நீங்கள், நீங்கள்" என்று சொன்னால் நீங்கள் மேடையை விட்டு இறங்கிவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா! அதனால் வேறு யாரோ ஒரு மங்கையர்க்கரசியின் கதையைப் போலச் சொல்கிறோம். தயவுசெய்து உட்காருங்கள்!

தொண்ணூற்றெட்டு மே மாதத்தில் நாடு அணுச்சோதனை செய்த பிறகு, மேலைநாடுகள் பல நமக்குக் கதவைச் சாத்தின. இந்த ஆலைக்கு வரவேண்டிய உதிரி பாகங்கள் துறைமுகம் கூடப் பார்க்கவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. டர்பைன் பிளேடு செதுக்கும் ஒரு பெரிய இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அதை இடம் மாற்றக் கூடாது. மாற்றி ஆயுதம் செய்துவிடுவோமோ என்று அவர்களுக்குச் சந்தேகம்! இயந்திரத்தின் வயிற்றுக்குள் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது; அசைத்தால் இயந்திரம் தானே பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு வேவுகாரனைத் துணைக்கு அனுப்பிய மாதிரி.

2004-ஆம் ஆண்டு நவராத்திரி. நாம் ஆயுத பூஜை என்கிற நாளை இங்கே கண்டே நவமி என்பார்கள். அன்று காலையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் ஜாக்கி வைத்து நாலு விரல் தூக்கி, அடியில் தேங்கிய அழுக்கைத் துடைத்து, அதே இடத்தில் இறக்கிவைத்து, பிறகுதான் சந்தனமும் குங்குமமும் வைப்பது இந்த ஆலையின் வழக்கம். புது இயந்திரத்தையும் தூக்கச் சொன்னாள் மங்கையர்க்கரசி. இடம் மாற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தூக்கி அதே இடத்தில் வைப்பது எப்படி இடம் மாற்றுவதாகும்? அடியழுக்கோடு ஒரு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தூக்கினார்கள், துடைத்தார்கள், இறக்கினார்கள். பூஜை முடிந்து பொத்தானை அழுத்தினால், திரையில் ஒரு சிவப்பு எண் மட்டும் எரிந்தது.

"மேடம், மெஷின் பந்த் ஆயிடுச்சு, ஓடல!" என்று ஓடிவந்தார் ஜாக்கி பிடித்த பரமசிவம். முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் ஜாஸ்தி தூக்கிட்டனா?"

"நீ எதுக்குப்பா பயப்படறே? தூக்கச் சொன்னது நானு," என்றாள் அவள். அவளுக்கும் உள்ளே பகீரென்றுதான் இருந்தது. வடகிழக்கில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு இருபத்துநாலு பிளேடு நவம்பர் முடிவதற்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் கடல் கடந்து, அந்த இயந்திரத்தைச் செய்த நாட்டுக்கே போய்விடும்!

எட்டாம் நாள் அந்தக் கம்பெனியின் பொறியாளர் லூட்விக் வந்தார். நெடிய மனிதர், குறைந்த பேச்சு. கையில் பூட்டைத் திறக்கும் எண்ணும் இருந்தது, ஒரு படிவமும் இருந்தது. படிவத்தில் பராமரிப்புத் தலைவர் கையெழுத்திட்டால் எண் கிடைக்கும். அதில் அச்சடித்திருந்தது இதுதான்: இயந்திரத்தை அறிவிக்காத இடத்துக்குக் கொண்டுபோக முயன்றோம், அதை மறைத்தோம், மன்னிப்புக் கோருகிறோம்.

படித்ததும் அவளுக்குக் காது சூடேறியது.

"அம்மா, ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்கோ," என்றார் பொது மேலாளர் வெங்கடேஸ்வரன். "யார் படிக்கப் போறா இதை? ஆர்டர் போச்சுன்னா என் நாற்காலியும் போகும், உங்க நாற்காலியும் போகும்."

"போவட்டும் சார். தூக்குனது நெசம். தூக்கக் கூடாதுன்னு அவங்க புக்குல இருந்திருக்கு, நான் படிக்கல. அது என் தப்பு. அதை எழுதிக் குடுங்க, இப்பவே போடறேன். ஆனா மறைச்சோம், திருடப் பார்த்தோம்னு எழுதியிருக்கே, அது என் ஒருத்தி மேல மட்டும் விழாது சார். இந்த ஒர்க்ஷாப்புல இருக்குற அத்தனை பேர் மேலயும் விழும். ஊர் மேலயே விழும். எனக்கு இந்தக் கை ஒண்ணுதான் இருக்கு, அதுல பொய் எழுத மாட்டேன்."

ஓய்வு பெற ஐந்தாண்டு இருந்தவள் சொன்ன வார்த்தை இது! வாசலில் நின்று கேட்ட எங்களுக்கு நெஞ்சு விம்மிற்று. அடுத்த நிமிடமே எங்கள் நாற்காலிகளையும் எண்ணிப் பார்த்தோம், பொய் சொல்வானேன்.

அவள் லூட்விக்கைப் பார்த்து, "என்கூட வாங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பண்டகசாலைக்கு அழைத்துப் போய்ப் பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டாள். அவள் பதியத் தொடங்கிய நாள்முதல் முப்பத்தோரு கண்டே நவமிகள்! எந்த இயந்திரம், எத்தனை மணிக்குத் தூக்கியது, யார் துடைத்தது, எத்தனை மணிக்கு இறக்கியது, எல்லாம் மராத்தியில் மணிமணியாக இருந்தன. பக்கம் பக்கமாக அவளே ஆங்கிலத்தில் படித்துச் சொன்னாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படிக்காமல் மூடப் போனாள்.

"அது என்ன வரி?" என்று விரல் வைத்தார் லூட்விக்.

"அது வேற ஒண்ணுமில்ல. காலை பத்து நாப்பது. புது மெஷினுக்கு அடியில எண்ணெய் ஜாஸ்தி, ஒரு வருஷ மெஷினுக்கு இவ்வளவு இருக்கக் கூடாது, கசிவு பார்க்கணும்னு எழுதியிருக்கேன்."

லூட்விக் பதிவேட்டை மூடினார். விறுவிறுவென்று அந்த இயந்திரத்துக்கு நடந்து போய், கோட்டைக் கழற்றிப் பரமசிவத்தின் கையில் கொடுத்துவிட்டு, நம் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தார்! டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் சட்டை முழுக்கக் கறை. கசிந்தது எண்ணெயை அடைத்து நிற்க அவர்கள் கம்பெனி வைத்த ரப்பர் சீல். தூக்கித் துடைத்திருக்காவிட்டால், இன்னும் ஆறு மாதத்தில் எண்ணெய் வற்றி இயந்திரத்தின் அச்சே இறுகிப் போயிருக்கும்.

"திருட நினைத்தவர்கள் இதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள்," என்று அவர் வெங்கடேஸ்வரனிடம் சொன்னார். அங்கிருந்தே தம் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்; முதலில் மெதுவாக, பிறகு எங்கள் காண்டீன்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்க. இரண்டு நாளில் புதுக் கடிதம் வந்தது. சுத்தம் செய்வதற்காக நாலு விரல் உயரம் தூக்கப்பட்டது. கையேட்டைப் படிக்காதது ஆலையின் தவறு. கசிவு கம்பெனியின் தவறு. மங்கையர்க்கரசி இரண்டு முறை படித்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். இயந்திரம் உறுமியது! இருபத்துநாலு பிளேடும் நவம்பர் இருபத்தெட்டில் லாரி ஏறின. பரமசிவம் கண்ணைத் துடைத்தபோது எண்ணெய் பட்டு எரிகிறது என்று சொன்னார், நாங்களும் நம்பினோம்.

கதை இத்தோடு முடியவில்லை, அம்மையீர்! இப்போது மீண்டும் உங்களிடமே பேசுகிறோம். அன்றிலிருந்து ஆண்டுதோறும் கண்டே நவமிக்கு முந்தைய நாள் அந்தக் கம்பெனியிலிருந்து, யாரும் கேட்காமலேயே, பூட்டுத் திறக்கும் எண் வந்துவிடுகிறது. நம் பண்டிகை என்றைக்கு வருகிறதென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும் லூட்விக்குக்குத் தெரிகிறது! மேலைநாட்டாரோடு மோதாமலும், அவர் முன் மண்டியிடாமலும், அவர் கண்ணைப் பார்த்து நம் தவறையும் அவர் தவறையும் ஒரே குரலில் சொல்லலாம் என்று எங்களுக்குக் காட்டினீர்கள். அன்று முதல் வெளிநாட்டார் யார் வந்தாலும் எங்கள் முதுகு நேராகவே நிற்கிறது. இதற்கு நன்றி சொல்லத் தெரியாமல்தான் இத்தனை நீளமாக எழுதினோம்.

முழங்கால் வலியின்றி முதுமை உங்களை அணுகட்டும்! காலைச் சங்கு கேட்காமலும் கண்விழிக்கும் சுகம் வாய்க்கட்டும்! வீட்டு மிக்ஸி முனகினாலும் எங்களை அழைக்காமல் நீங்களே சரிசெய்து, நூறாண்டு நலமாய், நிமிர்ந்து, எங்களைத் திட்டிக்கொண்டே வாழ்க!

கடைசியாக ஒன்று. மடலை வாங்கியதும் அதன் மரச்சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்துக் கண்ணாடிக்குள் லூட்விக் கொண்டுவந்த அந்த முதல் படிவம் இருக்கிறது. ஐந்தாண்டு தம் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்து, நேற்று எங்களிடம் எடுத்துக் கொடுத்தவர் வெங்கடேஸ்வரன் சார்தான். முன்பக்கம் எங்கள் நூற்றுப்பன்னிரண்டு கையெழுத்துகள். பின்பக்கம், உங்கள் பெயருக்கு எதிரே, நீங்கள் காலியாக விட்ட அந்தப் புள்ளிக்கோடு.

இவண்,
தூக்கவும் துடைக்கவும் உங்களிடம் கற்ற
பராமரிப்புப் பிரிவினரும் ஆலைத் தோழர் அனைவரும்
தளேகாவ், 30 மே 2009