‘உறவு’ என்ற கட்டத்தில் நான் நிரப்பியது

பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது இருபத்தாறு. பொது நூலகத்தின் தரவுப் பிரிவில் உதவியாளராக வேலை செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் முன்னிலையில் சொல்வதாவது:

எங்கள் நூலகத்தில் ஒரு விக்கி உள்ளது. பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கங்களின் தொகுப்பை அப்படிச் சொல்வோம். எங்களுடையதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே பெயர், வயது, உறவு என்று கட்டங்கள் இருக்கும், கீழே வேண்டியதை எழுதிக்கொள்ளக் குறிப்புக்கான இடம் இருக்கும். கட்டத்தில் உள்ளதை மட்டுமே மென்பொருள் தரவாக எடுத்துக்கொள்ளும். வேறு அலுவலகத்துக்கு ஏற்றுமதி செய்யும்போது கட்டங்கள் மட்டுமே போகும், குறிப்பு எங்களிடமே தங்கிவிடும். இதை நான் சொன்னபோது ஆய்வாளர், “எங்க ரிஜிஸ்டரும் அப்படித்தாம்மா, குறிப்புன்னு ஒரு எடம் இருக்கு, எழுதினவனைத் தவிர யாரும் படிச்சதில்ல” என்றார்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணியளவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. அன்று பிற்பகலே நூலகத்தின் வாசிப்பறையில் மேசைகளை ஒதுக்கி, காணாமல் போனவர்களின் விவரங்களை விக்கியில் பதிவு செய்யத் தொடங்கினோம். படிவத்தை வடிவமைத்தது நான்தான். ‘உறவு’ என்ற கட்டத்துக்கு அப்பா, அம்மா, கணவர், மனைவி, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, மகன், மகள், மற்றவை என்று பதினொரு சொற்களைக் கொடுத்திருந்தேன்.

அன்று நாலரை மணிக்கு, இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள பெண் என் மேசைக்கு வந்தார். சட்டைக்குப் பொத்தான் தைக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவர் என்பதால் தொழிற்சாலையில் அவரைப் பட்டன் என்றே கூப்பிடுவார்கள். அவர் தேடி வந்தது பக்கத்து இயந்திரத்தில் காஜா எடுப்பவரை, அதாவது பொத்தான் நுழையும் துளையைத் தைப்பவரை. காஜாக்கா என்று பெயர். இருவரும் ஆறு வருடங்களாக ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அவர் ஓட்டித் தரும் சட்டைதான் இவர் கைக்கு வரும். தீப்பிடித்த அன்று பட்டனுக்குப் பல்வலி, விடுப்பில் இருந்தார்.

“எங்க அக்காவைக் காணோம்” என்றார். கூடப் பிறந்தவரா என்று கேட்டேன். “கூடப் பொறக்கலைங்க. ஆனா அக்காதான்” என்றார். அதன் பிறகு நான் பட்டியலைத் திறந்து, கடைசிச் சொல்லான ‘மற்றவை’ மீது சுட்டியை வைத்தேன். திரை அவருக்கும் தெரியும்படி இருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கை வரவில்லை. ‘அக்கா’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு கீழே குறிப்பில், சொந்த அக்கா அல்ல, அறைத்தோழி, ஊரில் சொந்தத் தம்பி ஒருவர் உண்டு, அவருடைய தொலைபேசி எண் இது, காஜாக்காவுக்கு வலது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியதால் நகம் இரண்டாகப் பிளந்து வளரும் என்று நான்கு வரிகள் எழுதிச் சேமித்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி மருத்துவமனையிலிருந்து தரவு கேட்டார்கள். அவர்களுடைய கணினிக்குத் தமிழ் உறவுச் சொற்கள் புரியாது, குறியீடுகள் மட்டுமே புரியும். அதனால் எந்தச் சொல்லுக்கு எந்தக் குறியீடு என்று ஓர் அட்டவணை தயாரித்தேன். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை நான்குக்கும் ‘உடன்பிறப்பு’ என்ற ஒரே குறியீட்டைக் கொடுத்தேன். அதன் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பினேன். பிழை எதுவும் இல்லை என்று திரையில் செய்தி வந்தது.

அந்தக் கோப்பின்படி பதினான்காம் தேதி பட்டனை வரவழைத்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. “அடிபட்டவங்களுக்குப் போல இருக்குன்னு நீட்டிட்டேன். குடிக்க ஒரு ஜூஸ்கூடக் குடுக்கலையேன்னு நெனைச்சேன்” என்று பின்னர் என்னிடம் சொன்னார். மரபணுச் சோதனையில் அந்த ரத்தம் எந்த உடலோடும் உடன்பிறப்பாக ஒத்துப்போகவில்லை. பதினேழாம் எண் உடலில் முகம் தெரியவில்லை, வலது கை மட்டும் உடலுக்கு அடியில் மடங்கியிருந்ததால் தீப்படாமல் இருந்தது. பட்டன் அந்தக் கையின் புகைப்படத்தைப் பார்த்து இது எங்க அக்கா என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் சோதனைத் தாளைக் காட்டி, இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாற்பதாம் நாள் அந்த உடலை உரிமை கோராத உடலாக அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு பட்டன் இடுகாட்டுக்குப் போய், பதினேழு என்று எழுதிய பலகையில், துணியில் அளவு குறிக்கும் பேனாவால் அக்காவின் முழுப்பெயரை எழுதினார். காவலாளி புகார் கொடுத்தார். விசாரித்தபோது இவர் ‘அக்கா’ என்று சொல்ல, சோதனைத் தாளோ ‘இல்லை’ என்று சொல்ல, பொய்த்தகவல் கொடுத்து உடலுக்கு உரிமை கோரியதாக வழக்குப் பதிவானது. கடந்த திங்கட்கிழமை அவர் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்து, “நான் பொய் சொன்னேன்னு போட்டிருக்காங்க. உங்ககிட்ட என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

அவரை உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதிய நான்கு வரிகளும் அப்படியே இருந்தன. அதன் பிறகு மருத்துவமனைக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து தேடினேன். அவற்றில் ஒரு வரியும் அதில் இல்லை.

அதன் பிறகு இரண்டு நாட்களில், உடன்பிறப்பு என்று நான் அனுப்பிய மற்ற முப்பத்தொரு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, கூடப் பிறந்தவரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒன்பது பேர் இல்லை என்றார்கள். அவர்களில் ஒருவர், “ஏம்மா, அண்ணன்னு கூப்பிடறவங்களையெல்லாம் எங்கம்மாவா பெத்துப் போட்டாங்க? அப்புறம் அவங்களுக்கு வேற வேலையே இருந்திருக்காதே” என்று சிரித்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று சொன்னதும் நிறுத்திவிட்டார். அந்த ஒன்பது பெயர்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். காஜாக்காவின் சொந்தத் தம்பியோடு பேசினேன். அக்கா ஓவர்டைமில் இருப்பதால்தான் போன் பேசவில்லை என்று ஒரு வாரம் வரை நினைத்திருந்தாராம், அதன் பிறகு யாரைக் கேட்பது என்று தெரியவில்லையாம். பட்டனோ, நூலகத்தில் எண்ணைக் கொடுத்துவிட்டதால் அவருக்குத் தகவல் போயிருக்கும் என்று நினைத்திருந்தார். நாளை மறுநாள் வந்து ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பட்டன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டியும் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரு சொல், நான் அனுப்பியது வேறொரு சொல். மருத்துவமனை ஊழியர்கள் நான் கொடுத்ததை நம்பினார்கள். ஆகவே அவர் மீதுள்ள வழக்கைக் கைவிடும்படியும், தம்பியின் ரத்தத்தைப் பதினேழாம் எண்ணோடு ஒப்பிடும்படியும், அதுவரை அந்தப் பலகையில் எழுதிய பெயரை அழிக்காதிருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வாளர் தம் படிவத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பட்டனுக்கு இறந்தவர் என்ன உறவு என்று எழுதுவது என்று கேட்டார். அக்கா என்றேன், எழுதினார். கூடவே ‘உடன்பிறந்தவர் அல்லர்’ என்றும் எழுதச் சொன்னேன். கட்டத்தில் இடமில்லை, கீழே குறிப்பில் எழுதிக்கொள்கிறேன் என்றார். கீழே வேண்டாம், கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள் என்றேன். பேனாவைச் சாய்த்துப் பிடித்துப் பொடி எழுத்தில் எழுதினார்.

இவ்வளவும் நான் சொன்னவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன், என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. அந்தக் கட்டத்தை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தரவுப் பிரிவு உதவியாளர், பொது நூலகம்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர்