நாலு மணி பஸ்ஸு, ஆறு மணிக் கூட்டம்

கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல அண்ணாச்சி... ஆனா இந்தக் கவருக்குள்ள கூட்டம் முடிஞ்சு, நன்றியுரையும் சொல்லியாச்சு! ஆறு மணிக்குத்தான் கூட்டம், நாலு மணி பஸ்ஸுல செய்தி ஏறணும். எங்குட்டாச்சும் உண்டுமா இது? கேட்டா எனக்கு வாய் நீளமாம். நீளந்தான்!

எங்கப்பா ஜான்ராஜ், இந்தத் திருச்சுழிக்கு நிருபரு. அவுக வேலைக்குச் சேந்த காலத்துல, மேடைல கடைசி லைட்ட அணைக்கிற வரைக்கும் உக்காந்திருப்பாக. நூறு பேரு வந்தா நூறு பேருன்னுதான் எழுதுவாக. அதுக்காக ஒரு எம்.எல்.ஏ. எங்க வாசல்ல வந்து கத்துனாரு பாருங்க... அப்பாவுக்கு அன்னைக்கு என்னா சிரிப்புங்கிறீக! மறுநா பஸ்ஸு டிரைவர்ட்ட கவரக் குடுத்தா மதுரை ஆபீசுக்குப் போவும். அதுக்கும் மறுநா பேப்பர்ல வரும். யாரும் செத்துப் போகல.

இப்ப? மத்த பேப்பர்க்காரங்க மத்தியானமே எழுதிருறாங்க. விடியறதுக்குள்ள "மக்கள் வெள்ளம், தலைவர் ஆவேசம்"னு அச்சாயிருது. மதுரைல இருந்து அப்பாவுக்குப் போனு... "இன்னொரு தடவ பிந்துனா வேற ஆளு"ன்னு. இன்னைக்கு மொத மொதலா அவுகளும் மத்தியானமே எழுதிட்டாக. எழுதிட்டு, "நீ போய்க் குடுத்துரு"ன்னு செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாக. பத்தாப்பு பெயிலான எனக்கே தெரியுது, இது பொய்யின்னு!

என்னமோ சொல்ல வாரீக... இருங்க, முடிச்சிருறேன்... ஆங், பஸ்ஸு வந்துருச்சு! மொக்கையண்ணே, இந்தாங்க கவரு, மதுரைக்கு!

நீங்களும் இதுலயா அண்ணாச்சி? சாக்குல என்ன இம்புட்டு கனம்? மைக் செட்டா! எந்த ஊரு கல்யாணம்?

இங்கன நடக்குற கூட்டத்துக்கு வந்ததா? பெறகு ஏன் திரும்பிப் போறீக?

...தலைவரு வரலைன்னு தகவல் வந்துருச்சா? மேடையவே பிரிச்சாச்சா? இம்புட்டு நேரம் என்னத்துக்கு அண்ணாச்சி வாய மூடிக்கிட்டு... சரி சரி, நாந்தான் விடல.

மொக்கையண்ணே, எடுத்துராதீக! கவரக் குடுங்க! ஏன்னு அப்பறம் சொல்றேன்ணே, குடுங்க... அண்ணாச்சி, பேனா இருக்கா? ஒங்க முதுகக் காட்டுங்க, அப்பா எழுதுனத அடிச்சிட்டு, தாளோட பின்பக்கம் வச்சு எழுதிக்கிறேன். ஆடாதீக!

நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வெள்ளம் ஓடட்டும். எங்கப்பா பேப்பர்ல மட்டும்... "திருச்சுழி. தலைவர் வரவில்லை. கூட்டம் நடக்கவில்லை. நமது நிருபர்."

அம்புட்டுத்தான்! போலாம் ரைட்!