பின்சக்கர மரியாதை

ஞாயிற்றுக்கிழமை பொரித்த ரத்த சாசேஜ் முழுக்க வீணாகிவிட்டதுதான் எனக்கு வருத்தம், அம்மா. பந்தயம் முடிந்ததும் ஓட்டியவர்களுக்கெல்லாம் என் கறிக்கடையிலிருந்துதான் விருந்து போகும். இந்த முறை யாரும் வந்து தட்டை நீட்டவில்லை.

என் பெயர் ஃபிர்மின், வயது ஐம்பத்தேழு, எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். இதெல்லாம் உங்கள் போலீஸ் தாளில் இருக்கும். இல்லாததை நான் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பந்தயத்தில் இரண்டு வகைச் சட்டம் உண்டு. ஒன்று புத்தகத்தில் அச்சடித்திருக்கும். இன்னொன்றை எவரும் எழுதியதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு முறை போட்டு முன்னால் போய் எதிர்காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும். ஒருவன் முன்னால் கிடந்து சாக, இன்னொருவன் கடைசிவரை முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வரக் கூடாது. ஒருவன் ஒன்றுக்குப் போக ஒதுங்கினால் அந்த நேரம் பார்த்துப் பாயக் கூடாது. சங்கிலி கழன்றவனுக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் போகிறவன் கை காட்ட வேண்டும். என் பின்சக்கரத்துக்கும் பின்னால் வருகிறவனின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். சாலை அவன் கண்ணில் படாது, என் இடுப்புதான் படும். குழியோ கல்லோ வந்தால் நான் கையைப் பின்னால் நீட்டிக் காட்டினால்தான் அவனுக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு குழியைக்கூட நான் காட்டாமல் விட்டதில்லை. "ஃபிர்மின் மாட்டுச் சாணிக்குக்கூடக் கை காட்டுவான்" என்று சங்கத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். என் பின்னால் வந்து எவனும் விழுந்ததில்லை.

யெல்லேயை நான் முதலில் பார்த்தது போன செப்டம்பரில், கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பந்தயத்தில். அவன் அந்த ஊர்க்காரன், இருபத்தாறு வயது. நாங்கள் இருவர் மட்டும் கூட்டத்தைவிட்டு முன்னே போய்விட்டோம். நாற்பது கிலோமீட்டர் கடல்காற்று. அவன் முன்னால் வந்தது இரண்டே முறை, அதுவும் மூக்கைச் சிந்துவதற்கு. வாழ்க்கையில் நான் ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை, அம்மா. அன்றைக்கு ஜெயித்திருப்பேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது என் சங்கிலி கழன்றது. கையைத் தூக்கினேன். அவன் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் ஒன்பதாவதாக வந்தேன்.

பிறகு பீர்க்கடையில் அவனிடம் நேராகவே கேட்டேன். "ஏம்ப்பா, சங்கிலி கழண்டவனுக்கு நிக்கிற பழக்கம் உங்க ஊர்ல கிடையாதா?"

"என்ன பெரிசு, மூணு கிலோமீட்டர்தான் பாக்கி. அங்க வந்து எவனாவது நிப்பானா?"

"நிக்கணும். அதுதான் மரியாதை."

"மரியாதையா? புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க, அடுத்த தடவை நின்னுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் சொந்த சங்கத்துக்காரன் ஓடில், "விடு ஃபிர்மின், மொதல்ல உன் சங்கிலிக்கு எண்ணெய் போடு" என்றான். யெல்லே தன் வெற்றிப் பூங்கொத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி என் பீரில் மிதக்கவிட்டான். விளையாட்டாகத்தான் செய்தான். நான் பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது பொய். அவன் சொன்னதை மதித்து, வீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டைவரை படித்தேன். பையன் சொன்னது சரிதான். நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கை காட்ட வேண்டும் என்றும் எங்கும் இல்லை.

இந்த வருடம் எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு அவனை நான்தான் கடிதம் போட்டு அழைத்தேன். வெளியூர் ஆள் அவன் ஒருவன்தான். ஆற்றங்கரைப் பாதையில் கார் நுழையாமல் இருக்க நடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள் அல்லவா, அது எங்கள் ஆட்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதைச் சுற்றி வைக்கோல் கட்டு வைப்போம், ஓடில் மஞ்சள் கொடியோடு பக்கத்தில் நிற்பான். இந்த வருடம் ஓடிலை மாதா கோயில் திருப்பத்தில் நிறுத்தினேன். அங்கே குழந்தைகள் வேடிக்கை பார்க்க நிற்பார்கள், பாதுகாப்பு முக்கியம். வைக்கோலையும் என் வண்டியிலேயே அங்கே கொண்டுபோய் இறக்கினேன். யார் எங்கே நிற்பது என்று பட்டியல் போடுவது செயலாளரின் வேலை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்கவில்லை, நான் மறைத்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருவர்தான் முன்னால் போனோம். கல் பாவிய மேட்டில் மறுபடி என் சங்கிலி கழன்றது. யெல்லே நின்றான். காலை ஊன்றி, நான் மாட்டி முடிக்கும்வரை நின்றான்.

"போன வருஷத்துக்கு இது சரியாப் போச்சா, பெரிசு?" என்றான். "அன்னிக்குப் பண்ணுனது தப்புதான். வீட்ல அப்பாகிட்டச் சொன்னேன், காறித் துப்பாத குறை."

பிறகு முறை தவறாமல் முன்னால் வந்து காற்றை வாங்கினான். ஒரு குழிக்கு எனக்குக் கையும் காட்டினான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்து வருகிற மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பட்டியல் போட்டாயிற்று, ஓடில் கோயிலடியில் நிற்கிறான்.

ஆற்றங்கரையில் இறங்கியதும், "இப்ப என் முறை" என்றேன்.

"வாங்க, நான் ஒண்டிக்கிறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் வேகம். கம்பம் எனக்கு வெகு தூரத்திலேயே தெரிந்தது. இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்திருந்தேன். கடைசி நொடியில் சைக்கிளை வலப்பக்கம் ஒடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் என் தொழிலில் தினம் கேட்பதுதான், ஆகவே அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் நிற்காமல் போய்விட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். நின்றேன், திரும்பி வந்தேன். அவனுக்கு நினைவு இருந்தது. "கை காட்டலியே" என்றான்.

"புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். திங்கட்கிழமை அவன் கெண்ட் நகர மருத்துவமனையில் இறந்துவிட்டான் என்றீர்கள். சரி. தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மரியாதை என்றால் என்ன என்று ஒருவனுக்காவது புரிய வைக்க வேண்டியிருந்தது.

பின்னால் வந்த கூட்டம் இரண்டு நிமிடத் தூரத்தில் இருந்தது. நல்ல பிள்ளைகள், நான்தான் பழக்கினேன். கீழே விழுந்தவனைப் பார்த்ததும் முப்பத்தெட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள், ஒருவன்கூட அவனைத் தாண்டி வரவில்லை. பந்தய முடிவுக் கோட்டைத் தொட்டது நான் ஒருவன்தான். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, சாசேஜ் ஆறும்வரை அங்கேயே நின்றேன்.

அடிபட்டுக் கிடந்தவன் பக்கத்தில் ஏன் இருக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். மூன்று கிலோமீட்டர்தான் பாக்கி, அம்மா. அங்கே வந்து யாராவது நிற்பார்களா?