பாட்டிலில் வளர்ந்த கம்பளிப்புழு

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். முன் சீட்டில் பாத்திர மூட்டையோடு ஒரு விவசாயி, அவர் பக்கத்தில் கண்ணாடி பாட்டிலை மடியில் வைத்திருந்த ஓர் இளைஞர். விவசாயி கேட்ட கேள்வியில்தான் என் தூக்கம் கலைந்தது.

"எங்க கடலைக் கொல்லைய மொட்டையடிச்ச கம்பளிப்புழுதான இது? இதுக்குத் தழை போட்டு வளக்குறீங்களா?"

"ஆராய்ச்சிங்க. எத்தன தடவ தோலுரிக்குது, எப்ப மண்ணுக்குள்ள போவுதுன்னு பாக்குறோம்."

"எங்க கொல்லையில எல்லாமே மண்ணுக்குள்ள போயிருச்சு. செத்துருக்கும்ல?"

"சாகாதுங்க. கூட்டுப்புழுவா உள்ளயே கெடக்கும். அடுத்த மழைக்கு அந்துப்பூச்சியா வெளிய வந்து முட்டை வைக்கும்."

விவசாயி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஒழிக்க வழி?"

"அதுக்குத்தாங்க இவ்வளவும். இன்னும் சில வருசம் ஆவும். உங்களுக்கு எந்த ஊருங்க? மழைக்கு முன்னால வந்து வரப்போரம் தோண்டிப் பாக்கணும்."

"விக்கிரமங்கலம். வாங்குனவங்ககிட்ட கேட்டுக்கிட்டுத் தோண்டுங்க சார். கொல்லைய எழுதிக் குடுத்துட்டு மெட்ராசுக்குப் போறோம். அடுத்த மழைக்குப் புழு இருக்கும், நாங்க இருக்க மாட்டோம்."

இளைஞர் பாட்டிலைத் துண்டால் மூடிக்கொண்டார்.