இரண்டு சிவப்பு வரிகள்

நான் எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஆள். என் மேசை டிராயரைத் திறந்து பார்த்திருப்பீர்களே, தெரிந்திருக்கும்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு மருந்து பம்புகள் செய்கிறது. நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சின்னப் பெட்டி. அதற்குள் ஓடும் மென்பொருளை நான்கு குழுக்கள் நான்கு மொழிகளில் எழுதுகின்றன. நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் சோதனைக் கருவியும் குழுவுக்குக் குழு வேறு, பதிப்பும் வேறு. ஒரே சந்தைக்கடை. மூன்று வருடம் உட்கார்ந்து நான் ஒரு பேக்கேஜ் மேனேஜர் எழுதினேன். எந்த மொழியானாலும் ஒரே கட்டளை. வேண்டிய கருவிகளெல்லாம் ஒரே இடத்திலிருந்து, எல்லாருக்கும் ஒரே பதிப்பில் வந்து இறங்கும்.

மூன்று குழுக்கள் மாறிவிட்டன. நான்காவதில் என் தங்கையின் கணவர் இருந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி அவருடையது.

"மச்சான், இது ஒண்ணை மட்டும் பழைய கம்பைலர்லயே விட்டுடுங்க," என்றார். "புதுசுல புள்ளிக்குப் பின்னாடி வர்ற கணக்கு மாறுது. திருத்த ரெண்டு மாசம் ஆகும்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் விதிவிலக்கே இருக்காது என்று நிர்வாகத்திடம் சொல்லி வைத்திருந்தேன்.

தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் அவர் இரண்டு நாள் லீவு போட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். "உங்ககிட்ட குடுக்காம வேற யார்கிட்ட குடுக்கப்போறேன்?"

அன்று மதியமே அவருடைய பகுதியையும் மாற்றினேன். ஆயிரத்துச் சொச்சம் சோதனைகள் ஓடின. இரண்டு மட்டும் தோற்றுச் சிவப்பாக வந்தன. படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையுள்ள நோயாளிகளுக்கானவை. மணிக்கு அரை மில்லி போக வேண்டிய இடத்தில் ஒரு மில்லி போகும். அந்த எடையில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் 'தவிர்' என்று குறித்து, அவர் பெயரிலேயே ஒப்புதல் போட்டு அனுப்பினேன். திரை முழுக்கப் பச்சை. பார்க்க நிறைவாக இருந்தது.

ஆறு வாரத்துக்குள், ஒரு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

விசாரணைக்கு வந்தபோது, பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்தீர்களா என்று நீங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டீர்கள். இல்லை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, அவரு இவ்வளவு அஜாக்கிரதையா இருப்பாரா?" என்று தங்கை கேட்டாள். அவசரத்தில் யாருக்கும் கை தவறும் என்று ஆறுதல் சொன்னேன். ஐந்து மாதமாக, வாரம் தவறாமல், அவரைப் பார்க்க அவளைச் சிறைக்குக் காரில் அழைத்துப் போகிறேன். அந்தக் கடமையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

நேற்று உங்கள் அறிக்கையின் வரைவு கம்பெனிக்கு வந்தது. பொதுக் கருவிதான் விபத்துக்கு வழிவிட்டது, அதை நீக்கிவிட்டுக் குழுக்கள் பழையபடி தனித்தனியாக இயங்க வேண்டும் என்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் இங்கே வரத் தோன்றியது.

கருவி தன் வேலையைச் செய்தது. எச்சரித்தது. எச்சரிக்கையை மறைத்தவன் நான். அந்த நான்கு குழந்தைகளையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.