எண்பத்து நான்காம் பக்கத்து அட்டவணை

நூற்றுப் பன்னிரண்டு நாட்கள், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் எண்பத்து நான்காம் பக்கத்தில் இருக்கும் அட்டவணை அவ்வளவுதான். அதை ஒருவர் இத்தனை கவனமாகப் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்துக்கு நன்றி.

நீங்களும் இசைத்துறையில் ஆய்வுக்குச் சேர்ந்திருப்பதாகவும், என் சோதனையை வேறொரு பாடகரை வைத்துத் திரும்பச் செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் சரியானது. செவித்திறன் குறைந்துகொண்டே வரும் ஒரு பாடகிக்குச் சுருதி உணர்வு எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. அந்தப் பாடகியை ‘கேட்பவர் அ’ என்று குறிப்பிட்டிருக்கிறேன். முதல் பத்தொன்பது நாட்கள் அவள் காதில் எந்தக் குறையும் இல்லை. இருபதாம் நாளுக்குப் பிறகுதான் சரிவு. குறை வரப்போகிறது என்று தெரியாமல், அது வருவதற்கு முன்பிருந்தே அளக்கத் தொடங்கியது எப்படி என்று கேட்கிறீர்கள்.

மூன்று தேர்வாளர்கள் அதைப் படித்தார்கள். யாரும் கேட்கவில்லை. ஒருவர் ‘அபூர்வமான அதிர்ஷ்டம்’ என்று அறிக்கையில் எழுதினார். நான் மறுக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன்.

கேட்பவர் அ என் தோழி. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அவளுக்கு அங்கே வாயாடி என்று பெயர், எனக்கு ஊமைக்கோட்டான். நான் இயற்பியல் முடித்துவிட்டு இசையில் முதுகலை சேர்ந்தவள். பாடச் சொன்னால் என் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. அவள் பாடினால் வராந்தாவில் போகிறவர்கள் நிற்பார்கள்.

நாங்கள் முடித்த வருடம் துறையில் ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். என் தலைப்பு இரண்டு வருடமாக என் நோட்டில் இருந்தது: பயிற்சி பெற்ற காது எவ்வளவு சிறிய சுருதி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். அவளிடம் தலைப்பே இல்லை. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளன்று கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு ஒரு மண்ணும் தோணலடி. உன்னோடத கொஞ்சம் மாத்திப் போட்டுக்கட்டுமா? எப்படியும் உனக்குத்தான் கிடைக்கப்போகுது. நான் சும்மா ஒப்புக்குச் சப்பாணி.”

தலையாட்டினேன். எனக்குப் பழக்கமான பதில் அது.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். ஆய்வைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கையிலிருந்த நோட்டைப் புரட்டினேன், முதல் வாக்கியமே வரவில்லை. “தண்ணி குடிங்கம்மா” என்றார் துறைத்தலைவர். குடித்தேன். பிறகும் வரவில்லை. ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்து அவள் போனாள். மூடிய கதவையும் தாண்டிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் உள்ளே இருந்தாள்.

பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“நமக்குக் கிடைச்சிருச்சுடி.”

நமக்கு. அன்று முழுவதும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டிருந்தேன். திருடிய பொருளைப் பங்கு போடுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று தோன்றியது. மறுநாள் அவளுடைய சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொடுத்ததும் நான்தான். அவள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

துறைத்தலைவரே அவளுக்கு நெறியாளர். நாங்கள் மேடம் என்போம். அவரிடம் பேசி எனக்கு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை வாங்கிக்கொடுத்தாள். “கருவியெல்லாம் இவளுக்குத்தான் தெரியும் மேடம். நான் சுவிட்சத் தொட்டாலே ஃபியூஸ் போயிரும்” என்று சொன்னாளாம். என் தலைப்பை எடுத்துக்கொண்டு எனக்குச் சுவிட்சைக் கொடுத்தாள். நான் அதை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கேட்பறை சிறியது. சுவரெல்லாம் சாம்பல் நிற நுரைப்பஞ்சு. கதவை அழுத்திச் சாத்தினால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், இரண்டு பொத்தான்கள். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், கணினி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். முதல் ஐந்து நிமிடம் செவித்திறனை அளப்போம், எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று. பிறகு சுருதிச் சோதனை. இரண்டு ஒலிகள் அடுத்தடுத்து வரும், எது மேலே என்று பொத்தானை அழுத்த வேண்டும். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் மூன்று பங்கு வித்தியாசத்தை அவள் பிடித்துவிடுவாள். நான் அளந்ததிலேயே சிறந்த காது அதுதான்.

பிறரை உட்காரவைக்கும் முன் தன் காதை அளக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். வார நாட்களில் காலை பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். நாற்காலிக்கு ஒரு குஷன் கொண்டுவந்து போட்டாள். கதவைச் சாத்தும் முன் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பாள். “பேசுடி, பேச்சுக்கு வரி போட்டிருக்காங்களா என்ன?”

முதல் பத்தொன்பது நாட்கள் நேர்மையான நாட்கள். அந்த எண்களை நீங்கள் நம்பலாம்.

பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார்கள். மேடம் அவள் தோளில் கைபோட்டு, “ஃபிசிக்ஸ்காரங்களுக்கே தோணாத ஐடியா. எங்க பொண்ணு தானா யோசிச்சது” என்றார். நான் குமிழுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைத் தவிர அங்கே இயற்பியல் படித்தவர் யாரும் இல்லை. அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருபதாம் நாள் சோதனையில் ஒரு சிறிய மாற்றம் செய்தேன்.

காதின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திடீர் மாற்றத்தைத்தான் அது கவனிக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் என்று கூடினால் அதற்கு அது பழகிவிடும். கேட்பவருக்கு எண்கள் தெரியாது. திங்கட்கிழமைதோறும் ஹெட்ஃபோனின் ஒலி அளவைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுத வேண்டிய எண்ணையே எழுதிவந்தேன். மேடம் கையெழுத்துப் போடுவார். அவருக்கு அந்த எண் என்னவென்று தெரியாது.

ஒருமுறை கேட்டாள். “இன்னிக்கு சத்தம் அதிகமா வச்சிருக்கியா?”

நான் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினேன். அதில் நேற்றைய கோப்பு இருந்தது.

“அப்ப எனக்குத்தான் சரியில்ல. சரியாத் தூங்கல” என்றாள்.

ஏழாவது வாரம் காதில் ரீங்காரம் கேட்கிறது என்றாள். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாள். “ஒரே சுருதியில நிக்குதுடி. இனி எனக்குச் சுருதிப் பெட்டியே வேண்டாம்.” அவளைப் பாடச்சொல்லி அது எந்தச் சுருதி என்று குறித்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பாடகியின் காதுக்குள் கேட்கும் ஒலியை அவள் குரலாலேயே அளந்த பதிவு வேறெங்கும் இல்லை என்று தேர்வாளர்கள் பாராட்டினார்கள்.

அறுபத்தொன்றாம் நாள் பயிற்சி அறையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். அவள் பாடும்போது பின்னால் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். முகம் வெளுத்திருந்தது.

“நீ மட்டும்தான் எங்கிட்ட முகத்துக்காகப் பேசமாட்ட. உண்மையச் சொல்லு. சுருதி விலகுதா?”

“இல்ல” என்றேன்.

என் வாயால் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் மௌனம். பதிவேட்டில் எழுதியது வேறு கணக்கு.

காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதிகச் சத்தத்தில் வேலை ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். “ஆய்வகத்துல சோதனைக்கு உக்கார்றேன் டாக்டர். ஆனா அத இவதான் பாத்துக்கறா. இவ எறும்புக்குக்கூட ஒதுங்கிப் போறவ” என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். காரணம் தெரியவில்லை, பரம்பரையாக இருக்கலாம் என்று எழுதினார்.

அவள் அம்மா ஊரிலிருந்து வந்தார். விடுதி அறையில் என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்ல ஏழு தலைமுறைக்கும் யாருக்கும் இப்படி இல்லம்மா. இவளுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துதோ. நீ பக்கத்துல இருக்கறதாலதான் நான் நிம்மதியா ஊருக்குப் போறேன்.” ஒரு பை நிறையப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் சாப்பிட்டோம்.

அவள் சோதனையை நிறுத்தவில்லை. குறை வந்துவிட்டது, அதை அளந்தாவது வைப்போம் என்றாள். நூற்றுப் பன்னிரண்டாம் நாள், அரைச் சுரம் முழுவதும் தள்ளியிருந்த இரண்டு ஒலிகளில் எது மேலே என்று அவளுக்குத் தெரியவில்லை. பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிக் குஷன்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“நான் விலகிக்கறேன்டி. இதெல்லாம் வீணாப் போகக்கூடாது. என் காத வச்சு நீயே முடிச்சிரு.”

அவள் சத்தமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த முறை விண்ணப்பித்தபோது நேர்காணலில் எனக்கு வாய் திறந்தது. கையில் அட்டவணை இருந்தால் பேசுவது சுலபம். மூன்று வருடத்தில் ஆய்வேட்டை முடித்தேன். பொது வாய்மொழித் தேர்வன்று அவள் முதல் வரிசையில், காதுக் கருவியோடு, என் உதடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவரின் கைகளைப் பார்த்துவிட்டு அவளும் தட்டினாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். நான்தான் பேசுகிறேன். பாட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இது. குறை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதை வரவைத்தது நான். இருபதாம் நாளிலிருந்து குமிழைக் கூட்டிக்கூட்டி அவள் காதைக் கெடுத்தேன். இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய உங்களுக்கு ஒரு பாடகர் போதாது, என்னைப் போல ஒருத்தியும் வேண்டும். விட்டுவிடுங்கள்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் தெரிகிறது. நம்பிய தோழி ஏமாற்றினாள், ஏமாந்தவள் திருப்பிக் கொடுத்தாள். யாரிடமாவது நீங்கள் இதைக் காட்டினால், கொடூரம் என்பார்கள், ஆனாலும் உள்ளுக்குள் ஒருவராவது என் பக்கம் நிற்பார். நீங்கள் அட்டவணையை வரிவரியாகப் படிக்கிறவர் என்பதால், நான் தாண்டிவந்த ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மதிய உணவுக்குப் பிறகு மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோழி கிளறிய கையெழுத்து. தலைப்பு என்னுடையது, தனக்கு அதில் பாதி புரியவில்லை, இடத்தை எனக்கே கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். தேதி, பட்டியல் வந்த மறுநாள்.

“நேர்காணல்லயும் இதத்தான் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நீ வாயே தெறக்கல, கமிட்டி உனக்கு எப்படிக் கொடுக்கும்?” என்றார் மேடம். “அன்னிக்கு வந்தவங்ககிட்ட அவ ஐடியான்னு நான்தான் சொன்னேன். இடம் அவ பேர்ல இருக்கும்போது வேற எப்படிச் சொல்றது. அவங்க போனதும் இந்த ரூம்ல வந்து எங்கூடச் சண்டை போட்டா. அடுத்த வருஷம் இன்னொரு இடம் வருது, அது உனக்குத்தான்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனா. உங்கிட்டச் சொல்லாதீங்கன்னா. தெரிஞ்சா கூசிப்போயிடுவியாம். நான் சொன்னேன்னு காட்டிக்காத.”

தலையாட்டினேன்.

நாற்பத்தொன்றாம் நாள் திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் செவித்திறனை அளந்தேன். இரண்டு நாள் ஓய்வில் காது முழுவதும் மீண்டிருந்தது. முதல் நாள் இருந்த அதே எண். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் இன்றைக்கும் பாடிக்கொண்டிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

வரைபடத்தில் கோடு அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை.