திருத்திக் கொடுத்த கடிதம்

கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. சொல்ல வந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் மூலத்திலிருந்து ஒரு வரி சாட்சி காட்ட வேண்டும். எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாக நாமே எடுத்துச் சொல்லி, பிறகு மறுக்க வேண்டும். நம் கல்லூரியில் பதினோரு வருஷம் இதைத்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டவள் சுசீலாபாய் ஒருத்திதான்.

பாறசாலை சர்ச் உபதேசியார் அருமைநாயகத்தின் மகள். 1937இல் ஸ்காலர்ஷிப் கட்டுரைப் போட்டிக்கு, ஒரு பழைய காவியத்தின் அரசி நிரபராதி என்று எழுதினாள். அந்த அரசி குற்றவாளி என்று பத்திரிகையில் எழுதிப் பேர் வாங்கியவன் நான். கமிட்டிக்குக் கொடுக்குமுன் என்னிடம் காட்டினாள்.

"எதிர்வாதத்துக்கு ஒங்க கட்டுரையத்தான் எடுத்தேன் சார். அதவிடப் பலமா வேற ஒண்ணும் கிட்டல்ல."

மரியாதையாகத்தான் சொன்னாள். என் வாதம் மூன்றாம் பத்தியில் எழுந்து நின்றது. நான்காவதில் செத்துக் கிடந்தது.

அவள் பத்திகள் இரண்டை என் பழைய நோட்டில் எழுதி, இரண்டு வருஷம் முந்தைய தேதி போட்டேன். மை பழசாகத் தெரிய மூன்று நாள் வெயிலில் வைத்தேன். பிறகு உங்கள் கமிட்டிக்கு நான்கு பக்கம் எழுதினேன். என் கருத்தை அப்போதே மாற்றிக்கொண்டேன், நோட்டை இரவல் வாங்கியவள் அதைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று. கெட்டிக்காரப் பெண் எதற்குத் திருட வேண்டும் என்று நானே கேட்டு, எதைத் திருடலாம் என்பது கெட்டிக்காரிக்குத்தான் தெரியும் என்று பதிலும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

உபதேசியார் என்னிடம் வந்து மகளுக்காக மன்னிப்புக் கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அவளே எழுதிக் கொடுத்தால் பரீட்சை எழுத விடுவார்களா என்றார். விடுவார்கள் என்றேன். விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பழவங்காடியில் என் வீட்டுக்குக் கடிதத்தோடு வந்தாள்.

"நான் ஒங்க நோட்டப் பாத்துப் பகர்த்தல்ல. அது ஒங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும். கடிதத்தைக் கொடு" என்றேன்.

நம்பும்படி இல்லை. குற்றத்தை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். மூன்று முறை திருப்பி எழுதினாள். கண்ணீர் பட்ட தாளுக்கு வேறு தாள் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் கல்லூரிப் பதிவேட்டில் அவள் பேரை அடித்தீர்கள்.

பொன்முடி எஸ்டேட் கிளார்க் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பேனாவைத் தொடுவதில்லையாம். போன மாதம் ஏதோ பத்திரத்தில் கைநாட்டு வைத்தாளாம்.

நோட்டு போலிதான், ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள். அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். அப்படி எழுத வைக்கும் பொறுமை வேறு எந்த வாத்தியாருக்கும் இருந்திருக்காது.